காதால் வானம் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2011 முதல் வானியல் பாட்காஸ்ட் கேட்டு வருகிறேன். செங்கல்பட்டில் ஏறி சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கும் மின்ரயிலில் தொடங்கிய பழக்கம். அந்தக் கூட்டத்தில் புத்தகத்தைப் பிரிக்க இடம் இருக்காது, காதில் ஒயர் மாட்ட இடம் இருக்கும். என்னைப் பார்த்து வேறு சிலரும் கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் சந்தேகங்கள் வர ஆரம்பித்தன: ரயிலில், கல்யாண வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில். ஒரே பதிலை ஏழெட்டுப் பேருக்குத் தட்டிய பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் வானியலாளர் கிடையாது, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பாட்காஸ்ட்னா ரேடியோதானே? அதுக்கு எதுக்குப் புதுப் பேரு?

பாதி சரி. ரேடியோவில் நேரம் அவர்களுடையது, இதில் நேரம் நம்முடையது. நிகழ்ச்சி ஒரு கோப்பாக இருக்கும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், புரியவில்லை என்றால் நாலு தடவை கேட்கலாம். காசு பெரும்பாலும் கிடையாது.

வானத்தைக் கண்ணாலதானே பார்க்கணும்? காதால கேட்டு என்ன புரியும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். படம் வேண்டுமென்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஒரு நெபுலாவின், அதாவது விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகத்தின் படத்தை எத்தனை நேரம் பார்த்தாலும், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எதனால் ஆனது, அது எப்படித் தெரிந்தது என்று படம் சொல்லாது. அதை ஒரு ஆள்தான் சொல்ல வேண்டும். வானியலில் பெரும்பகுதி துப்பறியும் வேலை. துப்பறியும் கதையைக் காதால் கேட்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு உதாரணம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த ழான்சென் என்ற வானியலாளர் குண்டூரில் நின்று, சூரிய விளிம்பின் ஒளியை, நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தார். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் தெரியும். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யர் கிரகணம் இல்லாமலேயே அதே மாதிரி ஆராய்ந்தார். சோடியத்தோடு ஒத்துப்போகாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அந்தக் கோடு பொருந்தவில்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அதே வாயு 1895ல்தான் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வகத்தில் பிடிபட்டது. 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று, பக்கத்தில் போகாமல் ஒரு கோட்டை வைத்துச் சொன்ன கதை இது. இதற்குப் படம் எதற்கு? கேட்டாலே போதும்.

படம் தேவைப்படுகிற இடமும் உண்டு. நிலா கிரகணம், கோள்களின் பின்னோக்கிய நகர்வு, விண்மீன் குழுக்களின் வடிவம் போன்றவற்றை வாயால் விளக்கினால் தலை சுற்றும். அவற்றுக்கு மட்டும் நிறுத்திவிட்டு ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள்.

சரி, எதுல ஆரம்பிக்கறது? நூறு இருக்கே.

நான் யாரிடமும் முதலில் சொல்வது ஆஸ்ட்ரானமி காஸ்ட். 2006 செப்டம்பரில் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ரேசர் கேன் என்ற அறிவியல் பத்திரிகைக்காரர் கேட்பார், பமேலா கே என்ற வானியலாளர் பதில் சொல்வார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம், ஒரு எபிசோடுக்கு ஒரு தலைப்பு. நமக்கு என்ன தெரியும் என்பதோடு நிற்காமல் அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்வோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்வார்கள், பெரும்பாலும் காப்பாற்றவும் செய்கிறார்கள். கேன் சில சமயம் நாம் கேட்க நினைக்கும் முட்டாள்தனமான கேள்வியை நமக்குப் பதிலாகக் கேட்டுவிடுவார். அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

அரை மணி நேரம் அதிகம் என்றால் ஸ்டார்டேட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வானாய்வகம் 1978 முதல் அமெரிக்க வானொலிகளுக்குத் தரும் இரண்டு நிமிட நிகழ்ச்சி. பல் தேய்க்கும் நேரத்தில் முடிந்துவிடும். விண்கலங்கள்தான் பிடிக்கும் என்றால் பிளானடரி சொசைட்டி 2002 முதல் நடத்தும் பிளானடரி ரேடியோ. மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு பத்து எபிசோட் ஓட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் மாறுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் படிச்சா புரியும், பேசினா புரியாது. என்ன பண்றது அக்கா?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேகத்தை 0.8 ஆக வையுங்கள். குரல் கொஞ்சம் தூக்கத்தில் பேசுவது போல இருக்கும், மூன்று நாளில் பழகிவிடும். ஆஸ்ட்ரானமி காஸ்டின் பல எபிசோடுகளுக்கு அவர்கள் தளத்தில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. முதலில் படித்துவிட்டுக் கேட்டால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வழி, தலைப்பைத் தமிழில் முன்கூட்டியே படித்துவிடுவது. நியூட்ரான் விண்மீன் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் பத்து நிமிடம் செலவழித்துவிட்டு எபிசோடைப் போட்டால், பேசுகிறவர் எங்கே போகிறார் என்று தெரியும். எங்கே போகிறார் என்று தெரிந்தால் பாதி வார்த்தை விட்டுப்போனாலும் பரவாயில்லை.

மில்லியன், பில்லியன், ட்ரில்லியன்னு ஓட்டறாங்க. நான் மாத்திக் கணக்குப் போடறதுக்குள்ள அடுத்த விஷயம் போயிடுது.

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை. நாம் லட்சம், கோடியில் யோசிக்கிறோம். மூன்றே மூன்றை மனப்பாடம் செய்யுங்கள்: மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, ட்ரில்லியன் லட்சம் கோடி. பிறகு அடிக்கடி வரும் சில எண்களை நேரடியாகத் தமிழில் தெரிந்துவைத்துக்கொண்டால் மாற்றவே வேண்டாம்.

சூரியன் நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர். ஒளி வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி. இந்தத் தூரத்தைத்தான் வானியல் அலகு என்று சொல்லி ஏ.யு. என்று சுருக்குகிறார்கள். ஒளியாண்டு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். பெயரில் ஆண்டு இருப்பதால் காலம் என்று நினைத்துவிடாதீர்கள், அது தூரம். சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு. நம் பால்வீதியின் அகலம் ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு. பக்கத்து பெரிய விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு. பேரண்டத்தின் வயது 1380 கோடி வருஷம். இவ்வளவுதான், இவற்றை வைத்துக்கொண்டே நூறு எபிசோட் தாண்டலாம்.

பார்செக் என்று ஒன்று வரும். 3.26 ஒளியாண்டு. தொழில்முறை வானியலாளர்கள் ஒளியாண்டைவிட இதைத்தான் விரும்புகிறார்கள். கேட்டதும் மனதுக்குள் மூன்றால் பெருக்கிக்கொண்டு மேலே போங்கள்.

ஆக்சிஜனைப் போய் மெட்டல்னு சொல்றாங்க. இவங்களை நம்பிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். வானியலாளர்கள் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாவற்றையும் மெட்டல் என்றுதான் அழைப்பார்கள். ஆக்சிஜன், கார்பன், நியான் எல்லாம் அவர்கள் கணக்கில் உலோகம். வேதியியல் ஆசிரியர்கள் பல்லைக் கடிக்கலாம். ஆனால் பேரண்டத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பகுதி அந்த இரண்டு வாயுக்கள்தான், மீதி எல்லாம் சேர்ந்து ஓரிரண்டு சதவீதம். அந்த மீதிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, இதை வைத்துக்கொண்டார்கள்.

இதே மாதிரி காதை ஏமாற்றும் இன்னொரு சொல் பிளானடரி நெபுலா. அதற்கும் கோளுக்கும் சம்பந்தமே இல்லை. சூரியன் அளவு விண்மீன் ஒன்று கடைசிக் காலத்தில் உதறித் தள்ளும் வாயுப் போர்வை அது. 18ஆம் நூற்றாண்டுத் தொலைநோக்கியில் பார்த்தபோது வட்டமாக, கோள் மாதிரித் தெரிந்ததால் வில்லியம் ஹெர்ஷல் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

விண்மீன் எவ்வளவு பிரகாசம் என்று சொல்லும் மாக்னிட்யூட், அதாவது பொலிவெண், தலைகீழாக ஓடும். எண் கூடினால் ஒளி குறைவு. கண்ணுக்குத் தெரியும் எல்லை 6, சிரியஸ் மைனஸ் 1.46. ஐந்து எண் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு. பழைய கிரேக்க வகைப்பாட்டுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தவர் நார்மன் போக்சன், 1856ல். அவர் 1861ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். வந்த ஆண்டே அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அடையாளம் கண்டார். அமெரிக்கக் குரல் மாக்னிட்யூட் என்று சொல்லும் போதெல்லாம் எனக்கு நுங்கம்பாக்கம் ஞாபகம் வரும். நீங்களும் அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கணக்கு வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. காதில் சமன்பாடு சொல்ல முடியாது என்பதால் அவர்களே தவிர்த்துவிடுவார்கள்.

2006ல பேசினதை இப்பக் கேட்டு என்ன பிரயோஜனம்? எல்லாம் மாறியிருக்குமே.

கேட்கிற எபிசோடைப் பொறுத்தது. ஆஸ்ட்ரானமி காஸ்டின் முதல் எபிசோடே புளூட்டோ பற்றியதுதான். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது. சில வாரத்தில் அந்த எபிசோட். ஏன் எடுத்தார்கள், அதற்கு முந்தைய வருஷம் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ புளூட்டோ அளவுள்ள ஈரிஸ் எப்படி இந்த வம்பைக் கிளப்பியது என்பதெல்லாம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அதைப் பதிவு செய்தபோது புளூட்டோ எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14ல் பக்கத்தில் போனபிறகுதான் அந்த இதய வடிவ நைட்ரஜன் பனிச் சமவெளியைப் பார்த்தோம்.

என் வழி இது: எபிசோடின் தேதியை முதலில் பார்ப்பேன். தூரம் அளப்பது, நிறமாலை, கெப்ளர் விதிகள், விண்மீன்களின் பிறப்பு இறப்பு பற்றியதென்றால் எந்த வருஷமானாலும் கேட்பேன். வேற்றுச் சூரியன்களின் கோள்கள் என்றால் புதிது மட்டும். 2006ல் தெரிந்தவை ஏறத்தாழ 200, 2022ல் 5000ஐத் தாண்டிவிட்டது. ஈர்ப்பு அலைகள், அதாவது விண்வெளியே நெளிந்து பரவும் அலைகள் என்றால் 2016 பிப்ரவரிக்குப் பிறகு வந்தது, கருந்துளையின் படம் என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது, முதல் மண்டலங்கள் என்றால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம் அனுப்பத் தொடங்கிய 2022 ஜூலைக்குப் பிறகு வந்தது.

சொல்லப்போனால் பழசைக் கேட்பதில் ஒரு தனி ருசி உண்டு. ஈர்ப்பு அலைகள் ஒருநாள் கிடைக்கும் என்று நம்பிக்கையோடு பேசுவதை, கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டு கேட்பது. முடிவு தெரிந்த கிரிக்கெட் மேட்சின் மறு ஒளிபரப்பு போல.

அதுல சொன்ன நட்சத்திரத்தை மொட்டை மாடியில தேடினேன், காணோம். வடக்குல உயரமா இருக்கும்னு சொன்னாங்களே?

யாருக்கு உயரம் என்று பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரியுமோ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. நியூயார்க்கில் ஏறத்தாழ 41, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. நம் மாடியில் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் இருக்கும். ஆனால் நமக்கு வேறு பக்கம் லாபம். பிப்ரவரி மாலையில் தெற்கே சிரியஸுக்குக் கீழே பளிச்சென்று நிற்கும் அகத்தியர் விண்மீன், அவர்கள் கனோபஸ் என்பது, வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன். அமெரிக்காவின் வடபாதியில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. மே மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கு அடிவானம் திறந்திருந்தால் தென்சிலுவையும் நமக்குத் தெரியும். 

நேரமும் அப்படித்தான். நானே பட்டிருக்கிறேன். 2022 மே 15 ராத்திரி முழு நிலா கிரகணம் என்று காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. வீட்டில் எல்லாரையும் மாடிக்கு ஏற்றி, சுண்டல் செய்து, பாய் விரித்து உட்கார்ந்தோம். நிலா முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மணி பன்னிரண்டு ஆனதும் மாமியார் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அமெரிக்காவின் மே 15 இரவு என்பது நமக்கு மே 16 காலை, கிரகணத்தின் உச்சம் ஒன்பதே முக்கால் மணிக்கு, அப்போது நமக்குச் சூரியன்தான் இருக்கும், நிலா இல்லை. அன்றிலிருந்து யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டாமல் யாரையும் மாடிக்குக் கூப்பிடுவதில்லை.

டெலஸ்கோப் வாங்கணுமா?

இப்போது வேண்டாம். ஒரு வருஷம் வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை அதில் பார்த்தால் ஆறு எப்படி நாற்பது ஐம்பது ஆகிறது என்று தெரியும். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் தெரியும். மலிவான தொலைநோக்கியின் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் 500 மடங்கு என்று போட்டிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இதைக் கேட்டா ஜோசியம் கத்துக்கலாமா? நட்சத்திரம் எல்லாம் வருதே.

வராது. ஆனால் ஜாதகம் பார்த்துப் பழகியவர்களுக்கு வானத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது, பெயர்கள் ஏற்கெனவே தெரியும். ரோகிணி என்றால் ஆல்டிபரான், சித்திரை ஸ்பைகா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அன்டாரஸ், திருவாதிரை பீட்டல்ஜூஸ். என் பெரியம்மாவுக்கு இந்த ஐந்தையும் சொல்லிக் கொடுத்தபோது, 'இத்தனை வருஷம் அர்ச்சனைக்குச் சொல்லிட்டு இருந்தேன், எங்க இருக்குன்னு தெரியாம' என்றார். ராகுவும் கேதுவும் பொருட்களே இல்லை. நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கிரகணம் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில்தான் நடக்கும்.

விண்வெளியில சத்தம் கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். கருந்துளை சத்தம்னு போட்டுக் காட்டறாங்களே, பொய்யா?

பொய் இல்லை, ஆனால் மூன்று வெவ்வேறு வித்தையை ஒரே பெயரில் சொல்கிறார்கள். கேட்கும்போது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது நிஜமான ஒலி அலை. பெர்சியஸ் மண்டலக் கூட்டம் முழுக்க மெல்லிய சூடான வாயு நிறைந்திருக்கிறது. நடுவில் உள்ள கருந்துளையின் சேட்டையால் அந்த வாயுவில் அழுத்த அலைகள் பரவுவதை சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி 2003ல் காட்டியது. சந்திரா என்பது நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்தான். பியானோவின் நடு 'சி' சுரத்துக்கு 57 ஸ்தாயி கீழே; ஒரு அலை கடக்க ஏறத்தாழ ஒரு கோடி வருஷம். யார் காதுக்கும் கேட்காது. 2022ல் நாசா அதை 57, 58 ஸ்தாயி மேலே தூக்கி வெளியிட்டது, அதுதான் வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த உறுமல். பள்ளிக்கூடத்தில் சொன்னது வெற்றிடத்துக்குச் சரி. வாயு இருக்கும் இடத்தில் ஒலி இருக்கும்.

இரண்டாவது, ஒலியே இல்லாத ஒன்று ஒலியின் அலைவரிசையில் வருவது. 2015 செப்டம்பர் 14ல் அமெரிக்காவில் உள்ள லைகோ கருவிகள் பிடித்த ஈர்ப்பு அலை, இரண்டு கருந்துளைகள் ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் மோதிக்கொண்டதில் வந்தது. விநாடிக்கு 35 அதிர்வில் ஆரம்பித்து 250க்கு ஏறி நின்றது. அது நம் காது கேட்கும் எல்லைதான், அப்படியே ஸ்பீக்கரில் போட்டால் 'ஊப்' என்று ஒரு சின்னச் சத்தம். விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. அந்த எபிசோடில் இதைப் போட்டபோது ரயில் தாம்பரத்தில் நின்றது, கூச்சலில் கேட்காமல் போய்விட்டது. பின்னால் தள்ளி ஆறு தடவை கேட்டேன். சுழன்றுகொண்டே சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்களான பல்சர்களின் தட்டலும் இந்த வகைதான்: ரேடியோத் துடிப்பை ஒலியாக மாற்றியது. வேலா பல்சர் விநாடிக்கு 11, கிராப் 30.

மூன்றாவது, படத்துக்கு இசை போடுவது. பொலிவான புள்ளிக்கு உயர்ந்த சுரம், மங்கலானதற்குத் தாழ்ந்த சுரம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு படத்தை இடமிருந்து வலமாக வாசிப்பார்கள். பார்வையற்றவர்களுக்கு இது உண்மையிலேயே உபயோகம். ஆனால் அது அந்த மண்டலத்தின் சத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பேரண்டத்துக்கு 1380 கோடி வயசு, ஆனா 4650 கோடி ஒளியாண்டு தூரம் வரைக்கும் தெரியுதாம். ஒளி அவ்வளவு தூரம் எப்படி வந்திருக்கும்?

ரயிலில் எதிரே உட்கார்ந்த கல்லூரி மாணவர் கேட்டது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து இரண்டு எபிசோட் கேட்டேன்.

பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து எறும்பு நடக்கத் தொடங்குகிறது, அது நடக்க நடக்க நீங்கள் எலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். எறும்பு மறுமுனைக்கு வந்து சேரும்போது, அதன் காலடியால் அளந்தால் நடந்தது கொஞ்சம்தான். ஆனால் அது புறப்பட்ட முனை இப்போது எங்கோ போயிருக்கும். ஒளி 1380 கோடி வருஷம்தான் பயணம் செய்தது. புறப்பட்ட இடம் இன்றைக்கு 4650 கோடி ஒளியாண்டு தள்ளிப் போயிருக்கிறது. இடமே விரிவதால் வந்த வித்தியாசம் இது, ஒளியைவிட வேகமாக எதுவும் ஓடிவிடவில்லை. பாட்காஸ்டில் தூரம் சொல்லும்போது அவர்கள் இன்றைய தூரத்தைச் சொல்கிறார்களா, ஒளி நடந்த காலத்தைச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். நல்ல தொகுப்பாளர்கள்கூட இதில் அவசரத்தில் வழுக்குவார்கள்.

திருவாதிரை வெடிக்கப் போகுதாமே, எப்போ?

2019 கடைசியில் அது மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. மேலே பொலிவெண் பற்றிச் சொன்னேனே, அந்தக் கணக்கில் 0.5 பக்கம் இருந்தது 1.6க்குப் போனது. என் மாடியிலிருந்தே பக்கத்தில் உள்ள ரோகிணியோடு ஒப்பிட்டு வித்தியாசம் தெரிந்தது. உடனே எல்லா நிகழ்ச்சியிலும் சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு பற்றிய பேச்சு. பிறகு தெரிந்தது என்னவென்றால், விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரிய குவியலை உமிழ்ந்தது, அது குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றது.

வெடிக்கும், சந்தேகமில்லை. அடுத்த ஒரு லட்சம் வருஷத்துக்குள் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று ராத்திரியும் அதில் அடங்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அந்தச் சிரிப்பைத்தான் செய்தித் தலைப்பாக்கிவிடுகிறார்கள். ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருப்பதால் நமக்கு ஆபத்து இல்லை. பகலிலும் தெரியும் அளவுக்கு ஒளிரும், அவ்வளவுதான். முதலில் வந்து சேருவது ஒளியாக இருக்காது, எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளாக இருக்கும். 1987ல் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒன்று வெடித்தபோது ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் பூமியில் மூன்று கருவிகளில் பதிவாகின.

ஒரே விஷயத்துக்கு ஒருத்தர் 67ங்கறாங்க, இன்னொருத்தர் 73ங்கறாங்க. யாரை நம்பறது?

பேரண்டம் விரியும் வேகத்தைக் கேட்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பெருவெடிப்பின் மிச்ச ஒளியிலிருந்து கணக்குப் போட்டு வந்தால் 67 பக்கம் வருகிறது. பக்கத்து மண்டலங்களில் சீராக ஒளி கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களையும் விண்மீன் வெடிப்புகளையும் ஏணிப்படி மாதிரி வைத்து அளந்தால் 73 பக்கம் வருகிறது. முன்பெல்லாம் இரண்டு அளவிலும் பிழை வரம்பு பெரிதாக இருந்ததால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போயிற்று. இப்போது இரண்டுமே துல்லியமாகிவிட்டன, அதனால்தான் சண்டை தெரிகிறது. எங்கோ அளவீட்டில் தவறா, அல்லது நமக்குத் தெரியாத இயற்பியலா என்று இன்னும் தீரவில்லை.

நான் கவனிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. எண்ணைச் சொன்ன பிறகு 'இதை எப்படி அளந்தார்கள் என்றால்' என்று தொடர்கிறவரைக் கேட்பேன். 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று தொடங்குகிறவரை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கேட்டது எல்லாம் மறுநாளே மறந்துடுதே?

எபிசோட் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள், அதுவும் 'எப்படித் தெரியும்' என்பதை மட்டும். என் பழைய டைரியிலிருந்து: 'கரும்பொருள்: வெரா ரூபின், 1970, ஆண்ட்ரோமெடாவின் ஓரத்து விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன, கண்ணுக்குத் தெரிகிற எடை போதாது.' எபிசோடில் வேறு என்ன சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. இந்த வரி இருந்தால் மற்றதை நானே கட்டிக்கொள்வேன்.

இவ்வளவு பேசறீங்களே, நீங்களே தமிழ்ல ஒண்ணு ஆரம்பிக்கலாமே?

ஆரம்பித்தேன். ஒரே ஒரு எபிசோட், 11 நிமிடம், போன வருஷம் பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுப் பதிவு செய்தது, எதிரொலி வராமல் இருக்க. தலைப்பு, விண்மீன் தூரத்தை எப்படி அளக்கிறார்கள். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, பிறகு மற்ற கண்ணை மூடிப் பாருங்கள், விரல் நகர்வது போலத் தெரியும் என்று தொடங்கினேன். ஒரு கண் ஜனவரியில் பூமி இருக்கும் இடம், மற்றது ஜூலையில் இருக்கும் இடம். 1838ல் பெசல் இப்படித்தான் அன்னப்பறவை விண்மீன் குழுவில் ஒரு மங்கலான விண்மீனின் தூரத்தைச் சொன்னார், ஒரு விண்மீனுக்கு நம்பத்தக்க தூரம் கிடைத்த முதல் தடவை.

'இடமாறு தோற்றப்பிழை' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். அதில் பிழை எதுவும் இல்லையே, அளப்பதே அதை வைத்துத்தானே என்று கேட்கிறவர் குழம்புவார். 'பாரலாக்ஸ்' என்று சொன்னால் பள்ளிப் புத்தகத்தில் தேட முடியாது. கடைசியில் ஒரு தடவை மட்டும் இடமாறு தோற்றம் என்று சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்க 'அந்த விரல் நகர்வு' என்றே சொன்னேன். எட்டாவது நிமிடத்தில் தெருவில் கீரைக்காரம்மா குரல் கேட்கும். அதை வெட்டத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். இதுவரை கேட்ட 14 பேரில் 9 பேர் விரலை நீட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது எபிசோடுக்கு செஃபீட் விண்மீன்களை எடுத்திருக்கிறேன், அதற்கு விரல் மாதிரி கையோடு இருக்கும் பொருள் இன்னும் கிடைக்கவில்லை.